அடிமையிடம் கற்ற மொழி

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் பூசை முடிந்து நான் பூசை உடைகளைக் களைந்துகொண்டிருந்தபோது, பங்கைச் சேர்ந்த தாய் ஒருவர் பீடத்தின் பின்னறை வாயிலில் வந்து நின்றார். அவருடைய மகன் அந்த ஆண்டுதான் நகரத்தில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தான். பட்டப்படிப்பின் முதற்பகுதியில் ஏதேனும் ஒரு மொழியை எடுத்துக்கொள்ள வேண்டும். தமிழ், இந்தி, பிரெஞ்சு என்று பல இருக்க, அவன் அரபு மொழியை எடுத்திருந்தான். "அவங்க வேதத்தோட மொழிய நம்ம பிள்ளை எதுக்குச் சாமி படிக்கணும்?" என்று அந்தத் தாய் கேட்டார். குரலில் சினம் இல்லை. அச்சம் இருந்தது.

நான் சற்றும் தாமதியாமல், "வளைகுடாப் பக்கம் வேலைக்குப் போனா உதவும், அம்மா" என்றேன். அவர் முகம் தெளிந்தது. கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் சொன்னது பொய்யன்று. ஆயினும் அது அவர் கேட்ட கேள்விக்குரிய விடையும் அன்று. பையன் வேலையை நினைத்துத்தான் அந்த மொழியைத் தேர்ந்தானா என்று நான் கேட்டுக்கூடப் பார்க்கவில்லை. பயன் என்னும் போர்வையை எடுத்து ஒரு தாயின் அச்சத்தின்மீது போர்த்தி அனுப்பிவிட்டேன். அந்தப் போர்வைக்குள் கேள்வி அப்படியே இருந்தது. பிறர் தம் இறைவனோடு பேசுகின்ற மொழியை நாம் எதற்காகக் கற்கிறோம்? கற்பதற்கு நமக்கு உரிமை தருவது எது? இக்கேள்வி நம் திருச்சபைக்குப் புதியதன்று என்பது பின்னர் சில நூல்களைப் புரட்டியபோது நினைவுக்கு வந்தது.

1311, 1312 ஆம் ஆண்டுகளில், இன்றைய பிரான்சு நாட்டின் ரோன் ஆற்றங்கரையிலுள்ள வியன் நகரில், திருத்தந்தை ஐந்தாம் கிளமெந்து தலைமையில் ஒரு பொதுச்சங்கம் கூடியது. கோயில் வீரர் சபையைக் கலைத்த சங்கம் என்றே வரலாற்று மாணவர்கள் அதனை நினைவில் வைத்திருக்கின்றனர். ஆனால் அச்சங்கம் மற்றொரு தீர்மானத்தையும் இயற்றியது. பாரிஸ், ஆக்ஸ்ஃபோர்டு, பொலோஞ்ஞா, சலமாங்கா ஆகிய பல்கலைக்கழகங்களிலும், திருத்தந்தையின் அவை எங்குத் தங்குகிறதோ அங்கும் எபிரேயம், அரபு, கல்தேயம் ஆகிய மொழிகளைக் கற்பிக்க மொழிக்கு இருவராக ஆசிரியர்கள் அமர்த்தப்பட வேண்டும் என்பதே அது. நோக்கத்தைச் சங்கம் மறைக்கவில்லை. நம்பாதோர்க்கு நம்பிக்கையை அறிவிப்பதற்காகவே இந்த ஏற்பாடு. தீர்மானத்தின் பெரும்பகுதி ஏட்டளவில் நின்றுபோயிற்று. பாரிசில் அரசக் கல்லூரியில் அரபுக்குத் தனி ஆசிரியர் அமர 1587 வரையிலும், ஆக்ஸ்ஃபோர்டில் 1636 வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

அந்தத் தீர்மானத்துக்காக வியன் நகரத்துக்கு நடையாய் நடந்து வாதாடியவர்களுள் ஒருவர், எண்பது வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பொதுநிலையினர். மயோர்க்காத் தீவைச் சேர்ந்த இராமோன் லுல் என்பது அவர் பெயர். அருளாளர் என்று அத்தீவு மக்கள் இன்றும் அவரைப் போற்றுகின்றனர். கல்லூரிகளில் அரபு கற்பிக்கப்பட வேண்டும் என்று ஐரோப்பாவில் அவரைப் போல் ஓயாது கேட்டவர் வேறொருவர் இல்லை எனலாம். மன்னர்களிடம் கேட்டார், திருத்தந்தையர் பலரிடம் கேட்டார், பாரிஸ் பல்கலைக்கழகத்திடம் கேட்டார். 1276 இல் மயோர்க்கா மன்னரின் பொருளுதவியோடு மிராமார் என்னும் இடத்தில், பிரான்சிஸ்கன் துறவிகள் பதின்மூவர் தங்கி அரபு பயில்வதற்கென ஒரு மடத்தையும் நிறுவினார். திருத்தந்தை இருபத்தோராம் அருளப்பர் அதற்கு இசைவு வழங்கினார். இருபது ஆண்டுகூட நிலைக்காமல் அது கைவிடப்பட்டதை எண்ணி லுல் முதுமையிலும் வருந்தினார்.

லுல் தாம் எவ்வாறு அரபு கற்றார்? 1311 இல், வியன் சங்கத்துக்குப் புறப்படும் முன், பாரிசில் துறவிகளிடம் அவர் சொல்லி எழுதச்செய்த வாழ்க்கைக் குறிப்பில் அது இருக்கிறது. படித்தவர்கள் எளிதில் மறக்க முடியாத பகுதி அது.

மயோர்க்காவை 1229 இல் அரகோன் மன்னர் முஸ்லிம்களிடமிருந்து போரிட்டுக் கைப்பற்றினார். தீவில் இருந்த முஸ்லிம்களில் பலர் அடிமைகளாயினர். அதன்பின் சில ஆண்டுகளில் பிறந்தவர் லுல். முப்பது வயதையொட்டி மனம் திரும்பி, முஸ்லிம்களுக்குக் கிறிஸ்துவை அறிவிப்பதே தம் வாழ்வின் பணி எனத் தேர்ந்தபோது, மொழி வேண்டுமே என்று ஓர் அடிமையை விலைக்கு வாங்கினார். அவரிடம் ஒன்பது ஆண்டுகள் அரபு பயின்றார். ஒன்பது ஆண்டுகள் என்பது சிறிய காலம் அன்று. நம் குருமடங்களில் ஓர் இளைஞர் புகுமுகமாய்ச் சேர்ந்து குருப்பட்டம் பெறும் காலத்தோடு ஏறக்குறைய ஒக்கும்.

ஒருநாள் லுல் வெளியே சென்றிருந்த வேளையில் அந்த அடிமை கிறிஸ்துவின் பெயரைப் பழித்துப் பேசினாராம். திரும்பி வந்தபின் கேட்டவர்கள் வாயிலாக இதனை அறிந்த லுல், அவரை வாயிலும் நெற்றியிலும் முகத்திலும் அறைந்தார். அடிபட்டவர் உள்ளம் கசந்து, தக்க சமயம் பார்த்து ஆயுதத்தோடு லுல்லின்மீது பாய்ந்து வயிற்றில் காயப்படுத்தினார். லுல் அவரை மடக்கிப் பிடித்தார். வீட்டார் கொன்றுவிட முனைந்ததைத் தடுத்துச் சிறையில் இட்டார். பின்பு என்ன செய்வதென்று அறியாமல் அருகிலிருந்த மடத்துக்குப் போய் மூன்று நாள் செபித்தார். கொல்லவும் மனமில்லை; கற்பித்தவர் அல்லவா? விடுவிக்கவும் துணிவில்லை, மீண்டும் கொல்ல வருவாரே! இறைவனிடமிருந்து விடை ஒன்றும் வரவில்லை. மனம் சோர்ந்து திரும்பும் வழியில் சிறையை எட்டிப் பார்த்தார். தம்மைக் கட்டியிருந்த கயிற்றாலேயே அந்த மனிதர் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருந்தார். அவருடைய இரத்தப்பழியிலிருந்து தம் கைகளைக் காத்ததற்காக லுல் இறைவனுக்கு நன்றி செலுத்தினார்.

அந்த ஆசிரியரின் பெயரை வாழ்க்கைக் குறிப்பு சொல்லவில்லை.

இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த அறையைவிட்டு அந்த நன்றிச் செபத்தின்மீதே போய் நிற்கிறது. ஒரு காலத்தின் மனிதரை இன்னொரு காலத்தின் அளவுகோலால் அளப்பது நேர்மையன்று என்பார்கள். உண்மைதான். அடிமை முறையைக் குற்றம் என்று அன்று கருதியோர் மிகச் சிலர். ஆனாலும் லுல்லின் சொந்த அளவுகோலாலேயே அளந்தால்கூட ஏதோ ஒன்று இடறுகிறது. அடிமையைக் கொல்லுவதற்கு உரிமை பெற்றிருந்த மனிதர் மூன்று நாள் முழங்காலில் இருந்தாரே, ஏன்? அந்த வீட்டில் யார் ஆசிரியர், யார் மாணாக்கர் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தும், அந்த ஆசிரியர் தம் மனத்தில் இருந்ததைத் தம் மொழியில் சொன்னபோது மாணாக்கரால் பொறுக்க முடியவில்லை. ஒன்பது ஆண்டுகள் அந்த வாயிலிருந்து சொற்களை வாங்கியவர், அதே வாயில் அறைந்தார்.

முஸ்லிம்களோடு வாதிட்டு அவர்களைத் தம் நம்பிக்கைக்கு அழைக்க வேண்டும் என்று லுல் விரும்பியதை நான் குறையாகக் கருதவில்லை. தான் உண்மையெனக் கண்டதைப் பிறரும் காணவேண்டும் என்று விரும்பாதவன் அதனை அரைமனத்தோடுதான் நம்புகிறான். வாளைத் தவிர வேறொன்றையும் பலர் அறியாதிருந்த நூற்றாண்டில் சொல்லை நம்பியவர் அவர். எனக்கு இடறுவது வேறு. மறுமொழி சொல்ல உரிமையில்லாத ஒருவரிடம் அவர் மொழி கற்றார். 'இல்லை' என்று சொல்ல முடியாதவர் 'ஆம்' என்று சொல்வதற்கு என்ன பொருள்? இலக்கணம் கற்கலாம், சொற்களஞ்சியம் சேர்க்கலாம். அந்த மொழியைப் பேசும் மனிதர் என்ன நினைக்கிறார் என்பதை மட்டும் கற்க முடியாது. அதனைச் சொல்லும் முதல் நாளிலேயே அவர் அடிபடுவார்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லாவிடில் லுல்லுக்கு அநீதி செய்தவனாவேன். அந்தச் சாவுக்குப் பின் சில ஆண்டுகளில் அவர் ஒரு நூல் எழுதினார். கடவுளை அறியாத ஒருவன் யூதர், கிறிஸ்தவர், முஸ்லிம் ஆகிய மூன்று அறிஞர்களைச் சந்திக்கிறான். மூவரும் தத்தம் சமயத்தை முறையாக எடுத்துரைக்கின்றனர். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடுவதில்லை. முடிவில் அவன் எந்தச் சமயத்தைத் தேர்ந்தான் என்பதை அறிந்துகொள்ளாமலே மூவரும் விடைபெறுகின்றனர். பிரியும்போது, தம் சொல்லில் மற்றவர் சமயத்தைப் புண்படுத்தியது ஏதேனும் இருந்தால் பொறுத்தருளுமாறு ஒருவரையொருவர் வேண்டிக்கொள்கின்றனர். அந்த முஸ்லிம் அறிஞருக்கு இராமோன் லுல் யாருடைய குரலைக் கொடுத்திருப்பார் என்று எனக்கு ஓர் எண்ணம் உண்டு. மெய்ப்பிக்க வழியில்லை.

பெயர் தெரியாத ஆசிரியர் என்றதும் நம்மவர் கதையும் நினைவுக்கு வருகிறது. 1578 இல் கொல்லத்தில் தம்பிரான் வணக்கத்தை அச்சிட்ட அன்றீக்கு அடிகளாரையும், தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரையும் நாம் விழா எடுத்துக் கொண்டாடுகிறோம். எங்கிருந்தோ வந்தவர்கள் நம் மொழியைக் கற்றார்கள் என்பதில் நமக்குப் பெருமை. அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ழகரம் வராத நாவைத் திருத்தியவர்களின் பெயர் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இது பழங்கதை என்று தள்ளிவிடலாகாது. 1998 ஆம் ஆண்டு அமெரிக்கக் கல்லூரிகளில் அரபு வகுப்புகளில் சேர்ந்திருந்தோர் ஏறத்தாழ 5,500 பேர். 2006 இல் அத்தொகை ஏறத்தாழ 24,000. இடையே 2001 செப்டம்பரும் ஈராக் போரும் நிகழ்ந்தன. அந்த மாணவர்கள் எல்லாரும் ஒற்றர் வேலைக்குத்தான் படித்தார்கள் என்று சொல்வது பெருந்தவறு. அச்சத்தால் படித்தவரும் இருப்பர், வேலைக்காகப் படித்தவரும் இருப்பர், தொலைக்காட்சியில் குண்டுவீச்சைக் கண்டு வெட்கப்பட்டுப் படித்தவரும் இருப்பர். ஆனால் ஒரு நாடு ஒரு மொழியைக் கற்க நிதி ஒதுக்கும் காரணமும், அந்த மொழியைப் பேசுவோர் தம் மொழி எதற்காகக் கற்கப்பட வேண்டும் என்று விரும்புவார்களோ அந்தக் காரணமும் ஒன்றாக இருப்பதில்லை. எதிரி என்ன பேசுகிறான் என்று கேட்பதற்கு ஒரு காது வேண்டும். அண்டை வீட்டார் என்ன பேசுகிறார் என்று கேட்பதற்கும் ஒரு காது வேண்டும். இலக்கண நூல் இரண்டுக்கும் ஒன்றே.

நான் அந்தத் தாய்க்குச் சொன்ன வளைகுடாவை எடுத்துக்கொள்வோம். நம் பங்குகளில் அங்கிருந்து திரும்பியோர் இல்லாத ஊர் அரிது. துபாயிலும் மஸ்கட்டிலும் நம் மக்கள் தமிழில் பூசை காண்கிறார்கள். இருபது ஆண்டு அங்கு உழைத்துத் திரும்பிய ஒருவரிடம் அரபு பேசுவீர்களா என்று கேட்டேன். சிரித்தார். 'யல்லா' என்றால் கிளம்பு, 'மாஃபி' என்றால் இல்லை, 'சதீக்' என்றால் நண்பன் என்றார். "பேர் தெரியாத கூலியாளை எல்லாரும் 'சதீக்'னுதான் கூப்பிடுவாங்க, ஃபாதர்" என்று சேர்த்துக்கொண்டார். நண்பன் என்னும் சொல்லை இருபது ஆண்டுகள் கேட்டார். நண்பர் ஒருவரும் கிடைக்கவில்லை. இங்கே கற்பவரின் கையில்தான் கட்டு இருந்தது. மயோர்க்காவில் சொல்லிக்கொடுத்தவரின் கையில் இருந்தது. கயிறு எந்தப் பக்கம் கட்டப்பட்டிருந்தாலும் மொழி நடுவில் இறந்துவிடுகிறது. வேலைக்கு உதவும் என்று நான் சொன்ன மொழியில் எவ்வளவு அவருக்கு உதவியது என்பதை இதிலிருந்து கண்டுகொள்க.

கல்லூரி வகுப்பறைக்கு இங்கேதான் ஒரு சிறப்பு இருக்கிறது. அங்கே ஆசிரியர் யாருக்கும் அடிமையல்லர். மாணவனும் கூலியாள் அல்லன். தவறாக உச்சரித்தால் அவர் திருத்தலாம். கேட்கக்கூடாத கேள்வியை மாணவன் கேட்கலாம். நம் நாட்டுக் கல்லூரிகளில் முஸ்லிம் பேராசிரியர் ஒருவரிடம் கிறிஸ்தவ மாணவனோ இந்து மாணவனோ அரபு எழுத்தின் முதல் வரியைக் கற்பது, உலகில் எல்லா இடங்களிலும் எல்லாக் காலங்களிலும் கிடைத்த பேறு அன்று.

அந்த முதல் வரியிலேயே மொழி தன் நிபந்தனையை விதித்துவிடுகிறது. அரபு எழுத்துகள் இருபத்தெட்டு. வலமிருந்து இடமாகச் செல்பவை. குற்றுயிர்களைப் பெரும்பாலும் எழுதுவதில்லை. திருக்குர்ஆனிலும் சிறுவர் பாடநூலிலும் மேலும் கீழும் சிறுகுறிகளாய் அவற்றை இடுவர். நாளிதழில், கடிதத்தில், பெரும்பாலான நூல்களில் மெய்யெழுத்துகளும் நெட்டுயிர்களும் மட்டுமே இருக்கும். தமிழில் பொருள் தெரியாமலே ஒரு பக்கத்தைப் பிழையின்றி வாசித்துவிடலாம். நம் பிள்ளைகள் பலர் வாசகம் வாசிப்பதே அப்படித்தான். அரபில் அது இயலாது. பொருளை உணர்ந்தாலன்றிச் சொல்லை உச்சரிக்க முடியாது. முதலில் புரிந்துகொள், பிறகு வாயைத் திற என்கிறது அந்த எழுத்து.

சொல் பிறக்கும் முறையும் வியப்பானது. மூன்று மெய்கள் வேராக நிற்கும். க, த, ப என்னும் வேரிலிருந்து கிதாப் என்றால் நூல், காத்திப் என்றால் எழுதுபவர், மக்தப் என்றால் எழுதும் இடம், மக்தபா என்றால் நூலகம். பழைய அகராதிகள் வேரின் அடைவில் அமைந்தவை. ஆகையால் வேரை அறியாதவன் சொல்லைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் திண்டாடுவான். ர, ஹ, ம என்னும் வேரிலிருந்து ரஹ்மா என்றால் இரக்கம். ரஹிம் என்றால் தாயின் கருப்பை. எபிரேயத்திலும் இவ்விரு சொற்களும் ஒரே வேரினவே. நம் இறைவாக்கினர் இறைவனின் இரக்கத்தைப் பேசும் இடங்களில் இந்த வேரைத்தான் ஆள்கின்றனர். முஸ்லிம்கள் எச்செயலையும் தொடங்கும்போது இறைவனைக் குறித்துச் சொல்லும் பெயர்கள் இரண்டும் அதிலிருந்தே வருகின்றன. குருமடத்தில் எபிரேயம் படித்தபோது எனக்கு வறண்ட இலக்கணமாகத் தோன்றியது, அண்டை வீட்டாரின் வாயில் நாள்தோறும் ஒலித்துக்கொண்டிருந்தது என்பதை அறிய எனக்கு ஐம்பது வயதாயிற்று.

ஏட்டில் ஒரு மொழி, வீட்டில் ஒரு மொழி என்னும் நிலை அரபு மாணவர்களை மருட்டும் என்பர். தமிழனுக்கு இதில் மருட்சி என்ன? மேடையில் செந்தமிழும் அடுப்பங்கரையில் வேறொரு தமிழும் பேசியே வளர்ந்தவர்கள் நாம். தவிரவும் அரபுச் சொற்கள் நம் வீட்டுத் திண்ணைக்கு எப்போதோ வந்து சேர்ந்துவிட்டன. வக்கீல், வசூல், பாக்கி, அசல், ரத்து, கைதி எல்லாம் அங்கிருந்து பாரசீக வழியாக வந்தவை. அரபு மக்கள் தங்கள் மொழியை 'ளாத்' என்னும் எழுத்தின் மொழி என்று பெருமையாகக் கூறுவர், நாம் ழகரத்தைச் சொல்வதுபோல. பிறர் நாவில் எளிதில் வராத அந்த எழுத்துத்தான் வழியில் உருமாறி நம் 'ஆஜர்', 'ஜில்லா' என்னும் சொற்களில் ஜகரமாக உட்கார்ந்திருக்கிறது. நீதிமன்றத்தில் ஆஜராகிறவர் எவரும் இதனை நினைப்பதில்லை.

'அவங்க வேதத்தோட மொழி' என்ற அந்தத் தாயின் சொல்லுக்கும் ஒரு விடை இருக்கிறது. பெந்தகோஸ்து நாளில் தம் மொழியில் இறைவனின் செயல்களைக் கேட்டவர்களின் பட்டியலைத் திருத்தூதர் பணிகள் நூல் தருகிறது. அதில் கடைசியாக வருவோர் அரேபியர். சீனாய் மலையடியிலுள்ள புனித கத்தரீனாள் மடத்தில் 897 ஆம் ஆண்டு எழுதி முடிக்கப்பட்ட அரபு நற்செய்திப் பிரதி இருக்கிறது. ஹாரான் நகர ஆயர் தியோடோர் அபூ குர்ரா 800 ஆம் ஆண்டையொட்டி அரபில் இறையியல் எழுதினார். பக்தாதில் கிரேக்க மருத்துவ நூல்களை அரபுக்குக் கொண்டுவந்த ஹுனைன் இப்னு இஸ்ஹாக் ஒரு கிறிஸ்தவர். லெபனானில், சிரியாவில், எகிப்தில் இன்றும் நம் சகோதரர்கள் இறைவனை 'அல்லாஹ்' என்றே அழைத்துத் திருப்பலி காண்கின்றனர். 1908 இல் பெய்ரூத்தில் இயேசு சபைத் தந்தை லூயி மஅலூஃப் வெளியிட்ட 'அல்முன்ஜித்' அகராதி முஸ்லிம் மாணவர்களின் மேசைகளிலும் இடம்பெற்றது. ஒரு மொழியை ஒரு சமயத்தின் வேலிக்குள் அடைப்பது வெளியே நிற்பவர்களின் அறியாமை. இந்த விடையை அன்றே சொல்லியிருக்கலாம்.

ஆனால் இதுவும் முழுவிடை ஆகாது. அரபு நம்முடையதும்தான் என்று மெய்ப்பித்துவிட்டால் கற்கலாம் என்றாகிவிடும். நம்முடையது அல்லாததைக் கற்பது தகுமா என்பதல்லவா கேள்வி? அதற்கு இன்னொருவரிடம் போக வேண்டும்.

கிறிஸ்தியான் தெ ஷெர்ஜே என்னும் பிரெஞ்சு இளைஞர், குருமடத்தில் இருந்த காலத்தில், 1959 முதல் 1961 வரை அல்ஜீரியாவில் படைப்பணி ஆற்ற அனுப்பப்பட்டார். விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த காலம். அங்கே முகம்மது என்னும் கிராமக் காவலரோடு அவருக்கு நட்பு ஏற்பட்டது. முகம்மது பத்துப் பிள்ளைகளின் தந்தை, இறைப்பற்று மிக்கவர். ஒருநாள் ஷெர்ஜேயைத் தாக்க வந்தவர்களை அவர் குறுக்கே நின்று தடுத்தார். மறுநாள் முகம்மது கொல்லப்பட்டுக் கிடந்தார்.

பட்டம் பெற்றபின் ஷெர்ஜே திராப்பிஸ்து துறவியானார். அதே அல்ஜீரியாவில் திப்ஹிரின் மலையிலிருந்த மடத்துக்குப் போனார். 1972 முதல் ஈராண்டுகள் உரோமையில், அரபு மொழிக்கும் இஸ்லாமிய ஆய்வுக்கும் என அமைந்த திருத்தந்தையின் கல்விக்கழகத்தில் பயின்றார். 1926 இல் வெண்ணுடைத் துறவியர் துனிசில் தொடங்கி, 1964 இல் உரோமைக்கு வந்த கல்விக்கழகம் அது. வியன் சங்கம் ஏட்டில் எழுதியதன் பேரப்பிள்ளை என்றுகூட அதனைச் சொல்லலாம். ஆனால் ஷெர்ஜே அங்கே எதற்காகப் போனார்? வாதிட்டு வெல்வதற்கு அன்று. தமக்காக உயிர் கொடுத்தவர் எந்த மொழியில் செபித்தாரோ அதனைக் கற்கப் போனார். திரும்பி வந்து திருக்குர்ஆனை அரபில் வைத்துத் தியானித்தார். தம் நம்பிக்கையில் ஓர் அணுவும் விட்டுக்கொடுத்தவர் அல்லர் அவர். 1996 மார்ச்சில் உடன் துறவியர் அறுவரோடு கடத்தப்பட்டு உயிரிழந்தார். முன்னதாகவே எழுதி வைத்திருந்த இறுதிக் கடிதத்தில், தம் சாவுக்காக அல்ஜீரிய மக்களோ இஸ்லாமோ பழிக்கப்படக்கூடாது என்று கவலைப்பட்டிருந்தார். தம்மைக் கொல்லப்போகிறவருக்கும் நன்றி சொல்லியிருந்தார். 2018 டிசம்பர் 8 அன்று ஓரான் நகரில் அவர்கள் அருளாளர்களாக உயர்த்தப்பட்டனர்.

இரண்டு அருளாளர்கள், இரண்டு முஸ்லிம்களின் சாவு, ஒரே மொழி. ஒருவர் நன்றி செலுத்தியது அந்தச் சாவின் பழி தம்மீது விழாததற்காக. மற்றவர் அந்தச் சாவைத் தம்மீது கடனாக ஏற்றுக்கொண்டார். லுல்லைவிட ஷெர்ஜே நல்லவர் என்று நான் தீர்ப்பிடவில்லை. அவரவர் உள்ளத்தை இறைவன் அறிவார். கடன்பட்டவன் கற்பதும் உடையவன் கற்பதும் ஒன்றல்ல என்று மட்டும் எனக்குத் தோன்றுகிறது. கடன்பட்டிராத நம் போன்றோர் என்ன செய்வது? விருந்தாளியாய் இருப்பதற்கும் ஓர் அறம் உண்டு. விருந்தோம்பலைப் பற்றி மேடைதோறும் பேசுகிற நாம் அதனை அவ்வளவாகப் பேசுவதில்லை. 1908 இல் பக்தாத் பக்கம் ஒற்றர் என்று ஐயுற்றுப் பிடிக்கப்பட்டு நோயில் விழுந்த லூயி மசினியோன் என்னும் அறிஞருக்காக, அவரை விருந்தினராக ஏற்றிருந்த முஸ்லிம் குடும்பத்தார் பிணை நின்றனர். பிற்காலத்தில் பாரிசில் பேராசிரியராக இருந்த நாள்களிலும் ஒரு மொழியைக் கற்பது பிறர் வீட்டில் விருந்தாளியாய்ப் போய் அமர்வது போன்றது என்றே அவர் கருதினார். விருந்தாளி வீட்டுக்காரரின் சமையலைப் பழிப்பதில்லை. பிடிக்காததை உண்டதாகப் பொய் சொல்ல வேண்டியதும் இல்லை.

பையன் மூன்றாம் பருவத்துக்கு வந்திருந்தான். மஸ்கட்டிலிருந்து வந்த பங்கு மக்களில் ஒருவர், அங்கே உடன் பூசை கண்ட லெபனான் நாட்டவர் தந்ததாக ஒரு செப அட்டையைக் கொண்டுவந்து அவனிடம் கொடுத்தார். 'விண்ணகத் தந்தையே' செபம் அரபில் அச்சிட்டிருந்தது. குற்றுயிர்க்குறி ஒன்றுகூட இல்லை. அவனால் 'அபானா' என்னும் முதற்சொல்லுக்கு மேல் உறுதியாக வாசிக்க முடியவில்லை. கல்லூரிக்கு எடுத்துப்போய்த் தன் பேராசிரியரிடம் கொடுத்திருக்கிறான்.

மறுவாரம் என்னிடம் கொண்டுவந்து காட்டினான். முதியவரான அந்தப் பேராசிரியர், இது கிறிஸ்தவர்களின் செபம் என்று அறிந்தே, கூர்மையான பென்சிலால் எழுத்துக்கு எழுத்து உயிர்க்குறி இட்டுக் கொடுத்திருந்தார். அழகான கை. ஓரிடத்தில் மட்டும் ஒரு சொல்லைச் சுற்றி மெல்லிய வட்டம் இருந்தது. அப்பத்தைச் சிறப்பிக்கும் 'கஃபாஃப்' என்னும் சொல். மிகுதியும் இல்லாமல் குறைவும் இல்லாமல் போதும் அளவு என்பது அதன் பொருளாம்.

"சார் கேட்டு வரச் சொன்னாங்க, ஃபாதர். அன்றாட அப்பம்னுதான் கிறிஸ்தவங்க சொல்லுவாங்கன்னு அவங்க நினைச்சாங்களாம். இங்க போதும் அளவு அப்பம்னு இருக்கு. உங்க மூலத்துல என்ன சொல்லு இருக்கு, அதுக்கு என்ன அர்த்தம்னு உங்க சாமியார்கிட்ட கேளுன்னு சொன்னாங்க."

அந்தச் சொல் கிரேக்கத்தில் வேறெங்கும் காண்பதற்கு அரிய சொல். புனித எரோணிமுஸே மத்தேயுவில் அதனை ஒருவகையாகவும் லூக்காவில் வேறொருவகையாகவும் மொழிபெயர்த்து வைத்தார் என்று குருமடத்தில் படித்தது மங்கலாக நினைவு வந்தது. அதற்குமேல் ஒன்றும் வரவில்லை. நாற்பது ஆண்டுகளாக நாள்தோறும் சொல்லிவரும் செபத்தில் எனக்கு ஒரு சொல்லின் பொருள் தெரியவில்லை.

"உட்காரு, தம்பி" என்று சொல்லிவிட்டு, அலமாரியின் மேல்தட்டிலிருந்த கிரேக்கப் புதிய ஏற்பாட்டை எடுத்துத் தூசி தட்டினேன்.